போர்ட்டபிள் ஜெனரேட்டரில் விண்டோ ஏசியை ஓட்டுவது எப்படி?

மின்சாரம் மணிக்கணக்கில் இல்லாமல் போகும்போது விளக்கும் மின்விசிறியும் மட்டும் போதாத வீடுகள் உண்டு. வெப்பத்தைத் தாங்க முடியாத முதியவரோ கைக்குழந்தையோ படுக்கையில் இருக்கும் நோயாளியோ இருந்தால், ஓர் அறையையாவது குளிர்ச்சியாக வைத்திருப்பது வசதிக்காக அல்ல, உடல்நலத்துக்காக. வீடு முழுவதற்கும் மின்சாரம் தரும் பெரிய ஜெனரேட்டர் எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. ஓர் அறை, ஒரு விண்டோ ஏசி, இரண்டு பேர் தூக்கி வைக்கக்கூடிய ஒரு பெட்ரோல் ஜெனரேட்டர் என்று திட்டத்தைச் சுருக்கிக்கொண்டால் காரியம் கைகூடும்.

இதில் விடை காண வேண்டிய கேள்விகள் இரண்டு. இந்த ஜெனரேட்டர் இந்த ஏசியைக் கிளப்புமா என்பது முதல் கேள்வி. ஜெனரேட்டரை எங்கே வைப்பது என்பது இரண்டாவது. பலரும் முதல் கேள்விக்கு விடை தேடுவதிலேயே நேரத்தையெல்லாம் செலவழித்துவிட்டு, இரண்டாவதைக் கடைசி நிமிடத்தில், கேபிள் எட்டும் இடத்தில், அவசரமாக முடித்துவிடுகிறார்கள். முதல் கேள்வியில் தவறினால் பொருள் நஷ்டத்தோடு போகும். இரண்டாவதில் தவறினால் உயிர் போகும்.

ஏசியின் பெயர்ப்பலகையைப் படித்தல்

ஏசியின் பக்கவாட்டிலோ, முன்மூடியைத் திறந்தால் தெரியும் இடத்திலோ ஒட்டப்பட்டிருக்கும் பலகையிலிருந்துதான் கணக்கைத் தொடங்க வேண்டும். 1 டன் என்பது மணிக்கு 12,000 பிடியு வெப்பத்தை, அதாவது ஏறத்தாழ 3.5 கிலோவாட் வெப்பத்தை, அறையிலிருந்து வெளியேற்றும் திறனைக் குறிக்கிறது. அது ஏசி எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தின் அளவு அல்ல. வெப்பத்தை உண்டாக்காமல் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றுவதால், 1 டன் விண்டோ ஏசி பொதுவாக 1000 முதல் 1300 வாட் வரைதான் எடுக்கும். 5,000 பிடியு அளவுள்ள மிகச் சிறிய ஏசிக்கு 450 முதல் 500 வாட் போதும். 1.5 டன் ஏசி 1500 முதல் 1900 வாட் வரை எடுக்கும். இவை பொதுவான அளவுகள். உங்கள் ஏசியின் பலகையில் இருக்கும் வாட் அளவையும் ஆம்பியர் அளவையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

வோல்டேஜையும் அதிர்வெண்ணையும் கூடவே பாருங்கள். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் ஏசிக்கு அதே அளவில் மின்சாரம் தரும் ஜெனரேட்டர் வேண்டும். 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் ஏசிக்கும் அப்படியே. வேறு நாட்டிலிருந்து வந்த ஜெனரேட்டரோ, கைமாறி வந்த பழைய ஜெனரேட்டரோ என்றால் இதைச் சரிபார்க்காமல் பிளக்கைச் செருகக் கூடாது.

பலகையில் சில சமயம் ‘எல்ஆர்ஏ’ என்ற மூன்றெழுத்துக்கு எதிரே ஓர் எண் இருக்கும். ஏசியின் பலகையில் இல்லாவிட்டால் கம்ப்ரசரின் மேல் ஒட்டியுள்ள சிறிய தகட்டில் இருக்கும். நமக்கு மிகவும் வேண்டிய எண் அதுதான். கம்ப்ரசரின் மோட்டார் சுழலத் தொடங்காமல் நிற்கும் நிலையில் எத்தனை ஆம்பியர் இழுக்கும் என்பதை அது சொல்கிறது. ஓடும்போது 5 ஆம்பியர் எடுக்கும் ஏசி, கிளம்பும் கணத்தில் 25 அல்லது 30 ஆம்பியர் இழுப்பது இயல்பு. நின்றுவிட்ட வண்டியைத் தள்ளிக் கிளப்பும்போது முதல் அடிக்குத்தான் முழு பலமும் தேவைப்படுகிறது, உருளத் தொடங்கிய பிறகு ஒரு கை போதும். கம்ப்ரசரின் கதையும் அதுவே. இந்த இழுப்பு ஒரு விநாடிக்கும் குறைவான நேரமே நீடிக்கும். ஜெனரேட்டர் தாங்குமா தாங்காதா என்பதை முடிவு செய்வது அந்த ஒரு விநாடிதான்.

இன்வெர்ட்டர் ஏசி என்றால் நிலைமை வேறு. அதன் கம்ப்ரசரை ஒரு மின்னணுப் பலகை மெதுவாகச் சுழற்றி வேகமேற்றுவதால், கிளம்பும் இழுப்பு என்று சொல்லும்படி எதுவும் இருக்காது. புதிதாக ஏசி வாங்கும் நிலையில் இருந்து, அதை ஜெனரேட்டரில் ஓட்ட வேண்டிய தேவை அடிக்கடி வரும் என்றால், சற்றுக் கூடுதல் விலை கொடுத்தாவது இன்வெர்ட்டர் விண்டோ ஏசியையே வாங்குமாறு சொல்வேன். ஏசிக்குக் கூடுதலாகக் கொடுப்பதை ஜெனரேட்டரின் அளவிலும் பெட்ரோலிலும் மிச்சப்படுத்தலாம்.

ஜெனரேட்டரின் எண்களில் எதை நம்புவது

ஜெனரேட்டரின் பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண் பெரும்பாலும் அதன் உச்ச அளவாகவே இருக்கும். சில விநாடிகளுக்கு மட்டும் தரக்கூடிய அந்த அளவை விட்டுவிட்டு, தொடர்ந்து மணிக்கணக்கில் தரக்கூடிய அளவைத் தேடிப் பிடியுங்கள். எண் கேவிஏவில் இருந்தால் அதைப் பவர் ஃபேக்டரால் பெருக்கினால்தான் வாட் கிடைக்கும். பவர் ஃபேக்டர் 0.8 என்று குறிக்கப்பட்ட 2.5 கேவிஏ ஜெனரேட்டர் தருவது 2000 வாட்தான்.

அந்த 2000 வாட்டும் எல்லா இடத்திலும் கிடைத்துவிடாது. உயரமான இடங்களில் காற்றின் அடர்த்தி குறைவதால் எஞ்சினின் வலு குறைகிறது. கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ 3 முதல் 4 விழுக்காடு குறையும் என்று வைத்துக்கொள்ளலாம். 1500 மீட்டர் உயரத்தில் இருப்பவர் ஆறில் ஒரு பங்கை இழந்த ஜெனரேட்டரைத்தான் இயக்குகிறார். கடும் வெயிலும் எஞ்சினின் வலுவைக் குறைக்கும். பெட்ரோலிலும் சமையல் எரிவாயுவிலும் ஓடக்கூடிய இரட்டை எரிபொருள் ஜெனரேட்டராக இருந்தால், எரிவாயுவில் ஓட்டும்போது திறன் இன்னும் சற்றுக் குறையும். அந்த அளவைப் பலகையில் தனியாகக் கொடுத்திருப்பார்கள்.

இவற்றையெல்லாம் கணக்கில் கொண்டு நான் பரிந்துரைக்கும் அளவு இது. சாதாரணக் கம்ப்ரசர் உள்ள ஏசிக்கு, அது ஓடும்போது எடுக்கும் வாட்டைப் போல இரண்டு மடங்காவது, முடிந்தால் இரண்டரை மடங்கு, ஜெனரேட்டர் தொடர்ந்து தர வேண்டும். 1100 வாட் எடுக்கும் 1 டன் ஏசிக்கு 2200 வாட் என்பது குறைந்தபட்சம். 2700 வாட் என்றால் நிம்மதியாக ஓடும். 1.5 டன் ஏசிக்கு 3500 வாட்டுக்குக் கீழே யோசிக்க வேண்டாம். இன்வெர்ட்டர் ஏசிக்கு ஒன்றரை மடங்கு போதும்.

5 ஆம்பியர் ஏசி 27 ஆம்பியர் இழுத்தால் 230 வோல்ட்டில் அது 6000 வோல்ட் ஆம்பியரைத் தாண்டுமே, 2700 வாட் ஜெனரேட்டர் எப்படிப் போதும் என்று கேட்கலாம். அந்த இழுப்பின் பெரும்பகுதி மோட்டாரின் காந்தப்புலத்தை எழுப்பச் செலவாவது. எஞ்சின் உண்மையில் உழைத்துத் தர வேண்டிய பங்கு அதில் குறைவு. தவிர, அந்தக் கணத்தில் வோல்டேஜ் இறங்குவதால் இழுக்கும் ஆம்பியரும் கூடவே இறங்குகிறது. சுழன்றுகொண்டிருக்கும் கனமான ஃபிளைவீலும் தன் பங்குக்குக் கைகொடுக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்துதான் சிறிய ஜெனரேட்டர் பெரிய இழுப்பைக் கடந்துவிடுகிறது. வோல்டேஜ் மிக ஆழமாக இறங்கிவிட்டால் மட்டும் கம்ப்ரசரால் உள்ளிருக்கும் அழுத்தத்தை மீறிச் சுழல முடியாமல் போகிறது.

இங்கே இன்வெர்ட்டர் ஜெனரேட்டரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது சத்தம் குறைவாக, சீரான அலைவடிவத்தில் மின்சாரம் தருவது. மின்னணுப் பலகைகள் உள்ள ஏசிக்கு ஏற்றது. லோடு குறையும்போது எஞ்சின் வேகத்தைக் குறைத்து எரிபொருளை மிச்சப்படுத்துவது. ஆனால் அதன் மின்னணுப் பாதுகாப்பு, தன் வரம்பைத் தாண்டிய இழுப்பைச் சற்றும் பொறுக்காது. அதே வாட் அளவுள்ள பழைய வகை ஜெனரேட்டர் முனகிக்கொண்டே கிளப்பிவிடும் கம்ப்ரசரை, இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டுக் கைவிடக்கூடும். எனவே சாதாரண ஏசிக்கு இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் வாங்குவதானால், மேலே சொன்ன அளவை விட ஒரு படி பெரியதாக வாங்குங்கள். ஒரே மாடலில் இரண்டை இணைத்து ஓட்டும் வசதி சில நிறுவனங்களின் ஜெனரேட்டர்களில் உண்டு. அதற்கென்று அந்நிறுவனமே தரும் இணைப்பைத் தவிர வேறு எதையும் பயன்படுத்தக் கூடாது.

பழைய வகையில் வாங்குவதானால், ஏவிஆர் எனப்படும் தானியங்கி வோல்டேஜ் கட்டுப்பாடு உள்ளதா என்று கேளுங்கள். அது இல்லாமல் கெப்பாசிட்டரை மட்டும் நம்பி ஓடும் மலிவான ஜெனரேட்டர்களில், கம்ப்ரசர் நின்று லோடு குறையும் ஒவ்வொரு முறையும் வோல்டேஜ் எகிறும். ஏசியின் மின்னணுப் பலகைக்கு அது நல்லதல்ல.

ஜெனரேட்டர் கொஞ்சம் போதாமல் இருக்கிறது, மாற்றவும் வழியில்லை என்றால், சாஃப்ட் ஸ்டார்ட்டர் என்ற சிறிய கருவியைக் கம்ப்ரசரின் மின்பாதையில் பொருத்திக்கொள்ளலாம். அது முதல் இழுப்பை ஏறத்தாழ பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைத்துவிடும். ஏசி மெக்கானிக்கை வைத்துத்தான் பொருத்த வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஏசியின் கெப்பாசிட்டரில் மின்னூட்டம் தேங்கியிருக்கும். இன்வெர்ட்டர் ஏசிக்கு இந்தக் கருவி தேவையும் இல்லை, பொருந்தவும் செய்யாது.

எங்கே வைப்பது

விண்டோ ஏசியின் பின்பாதி ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. பிளக் அருகில் இருக்கிறது, கேபிள் குட்டையாகப் போதும். எனவே ஜெனரேட்டரை அதே ஜன்னலுக்குக் கீழே வைக்கத்தான் யாருக்கும் முதலில் தோன்றும். வீட்டைச் சுற்றி இருக்கும் எல்லா இடங்களிலும் மிக ஆபத்தான இடம் அதுவே.

பெட்ரோல் எஞ்சினின் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆக்சிஜனை விட 200 மடங்குக்கும் மேல் வலுவாக அது ரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்வதால், மூச்சு சீராக ஓடிக்கொண்டிருக்கும்போதே உடல் ஆக்சிஜன் இன்றித் தவிக்கத் தொடங்கும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், காரணம் தெரியாத சோர்வு ஆகியவை முதல் அறிகுறிகள். தூங்கிக்கொண்டிருப்பவருக்கு இவை எதுவும் தெரியாது. ஏசி ஓடும் அறையில் கதவு ஜன்னல்கள் அடைபட்டிருப்பதால், உள்ளே வந்த வாயு எளிதில் வெளியேறவும் செய்யாது.

விண்டோ ஏசியைச் சுற்றிப் பலகை, தெர்மாகோல், ரப்பர் பட்டை என்று எதை வைத்து அடைத்திருந்தாலும் எங்காவது இடைவெளி இருக்கவே செய்யும். அதோடு, ‘வென்ட்’ என்று குறிக்கப்பட்ட ஒரு சிறிய நெம்புகோல் பல விண்டோ ஏசிகளின் முன்பக்கத்தில் இருக்கும். அதைத் திறந்து வைத்தால், ஏசி வெளிக்காற்றோடு தொடர்புகொள்ளும் ஒரு சிறிய கதவு உள்ளே திறக்கும். பெரும்பாலான வீடுகளில் அந்த நெம்புகோல் எந்த நிலையில் இருக்கிறது என்றே யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஜெனரேட்டரை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பு அதைக் கையால் தள்ளிப் பார்த்து, மூடிய நிலையில் இருப்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஜெனரேட்டரை வீட்டிலிருந்து 6 மீட்டருக்குக் குறையாத தூரத்தில், திறந்த வெளியில் வைக்க வேண்டும். சைலன்சரின் வாய் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும். உங்கள் வீட்டுக்கு மட்டுமல்ல, பக்கத்து வீட்டின் ஜன்னலுக்கும்தான். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பாருங்கள், திசை மாறினால் இடத்தை மாற்றுங்கள். கார் நிறுத்தும் கூடம், திண்ணை, மூன்று பக்கம் சுவர் எழுந்த முற்றம், படிக்கட்டின் அடி ஆகிய எதுவும் திறந்த வெளி ஆகாது. கதவைத் திறந்து வைத்திருக்கிறோமே, மின்விசிறி ஓடுகிறதே என்ற சமாதானங்களை இந்த வாயு ஏற்றுக்கொள்வதில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பின் பால்கனியில் ஜெனரேட்டரை வைத்து ஏசி ஓட்டுவதற்குப் பாதுகாப்பான வழி என்று எதுவுமே இல்லை. அங்கே பேட்டரியில் இயங்கும் ஏற்பாட்டைத்தான் யோசிக்க வேண்டும்.

தூங்கும் அறையில் பேட்டரியில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை வைக்காமல் இரவில் ஜெனரேட்டரை ஓட்டாதீர்கள். இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றை மட்டும்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால், இதைக் கடைப்பிடியுங்கள். அலாரம் ஒலித்தாலோ, வீட்டில் ஒருவருக்கு மேல் தலைவலி என்று சொன்னாலோ, எல்லோரையும் வெளியே அழைத்துச் சென்றுவிட்டு அதன் பிறகு காரணத்தைத் தேடுங்கள். மருத்துவ உதவியைத் தாமதிக்காமல் நாடுங்கள்.

உயிருக்கு அடுத்தபடியாக, ஏசிக்கும் இந்த இடைவெளி நல்லது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பின்பாதியில்தான் அறையின் வெப்பத்தை வெளியே விடும் கன்டென்சர் இருக்கிறது. எஞ்சினின் சூடான காற்று அதன் மேல் அடித்தால் கம்ப்ரசருக்குள் அழுத்தம் ஏறி, அது கூடுதல் ஆம்பியர் இழுக்கும், குளிர்ச்சியோ குறையும்.

மழை வந்தால் ஜெனரேட்டருக்கு மேலே கூரை வேண்டும், சுற்றிலும் சுவர் கூடாது. நான்கு கால்களில் நிற்கும் திறந்த பந்தலோ, ஜெனரேட்டருக்கென்றே விற்கும் மேல்மூடியோ போதும். தார்ப்பாயைப் போர்த்தி ஓட்டினால் எஞ்சின் சூடேறி நிற்கும், தீயும் பிடிக்கலாம்.

6 மீட்டர் தள்ளி வைத்த பிறகு கேபிள்

ஜெனரேட்டர் தூரமானதால் கேபிள் நீளமாகிறது. நீளமானால் தடிமனாகவும் வேண்டும். 20 மீட்டர் கேபிளில் மின்சாரம் போய்த் திரும்ப 40 மீட்டர் செம்புக் கம்பியைக் கடக்கிறது. கம்பியின் குறுக்களவு 0.75 சதுர மில்லிமீட்டர் என்றால், அதன் மின்தடை 0.9 ஓமைத் தாண்டும். ஏசி ஓடும்போது எடுக்கும் 5 ஆம்பியருக்கு அதில் 5 வோல்ட் அளவுக்குத்தான் இழப்பு, பெரிதாகத் தெரியாது. கிளம்பும்போது 30 ஆம்பியர் இழுத்தால் 27 வோல்ட் கேபிளிலேயே போய்விடும். ஜெனரேட்டர் ஏற்கெனவே தடுமாறிக்கொண்டிருக்கும் அதே கணத்தில் இந்த இழப்பும் சேர்ந்துகொள்கிறது. அதே தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் கேபிள் போட்டால் இழப்பு 8 வோல்ட்டோடு நின்றுவிடும். ஜெனரேட்டர் போதவில்லை என்று குறைப்பட்டுக்கொள்ளும் பல இடங்களில் உண்மையில் போதாதது கேபிள்தான். 1 டன் ஏசிக்கு 20 மீட்டர் வரை 2.5 சதுர மில்லிமீட்டர், 1.5 டன்னுக்கு அதே தூரத்தில் 4 சதுர மில்லிமீட்டர் என்று வாங்கிவிட்டால் பிறகு கவலைப்பட வேண்டியதில்லை. 120 வோல்ட் ஏசி என்றால் அதே வாட்டுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆம்பியர் ஓடும் என்பதால் இன்னும் தடிமன் வேண்டும்.

வெளியில் போடத் தகுந்த ரப்பர் உறை உள்ள, எர்த்தோடு கூடிய மூன்று கம்பிக் கேபிளே வேண்டும். உருளையில் சுற்றிய கேபிளாக இருந்தால் முழுவதையும் பிரித்துவிட்டே பயன்படுத்த வேண்டும். சுற்றியபடியே மணிக்கணக்கில் லோடு ஏற்றினால் உள்சுற்றுகள் சூடாகி உறை உருகும். நடுவில் இன்னொரு கேபிளை இணைப்பதோ, பல பிளக் சொருகும் பலகையில் ஏசியைச் சொருகுவதோ வேண்டாம். ஏசியின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டும் இடத்தைத் தவிர்த்துக் கேபிளைக் கொண்டுவாருங்கள். ஜன்னலில் நுழைவதற்கு முன்பு சற்றுத் தொய்வாக விட்டால், கேபிளின் மேல் வழியும் நீர் அந்தத் தொய்விலேயே சொட்டிவிடும், பிளக்குக்குள் இறங்காது. கேபிள் நுழையும் இடைவெளியைத் துணியாலோ ஃபோமாலோ இறுக்கமாக அடைக்க மறக்காதீர்கள். கம்பி நுழையும் வழியில் புகையும் நுழையும்.

ஜெனரேட்டரின் மின்சாரத்தை வீட்டுச் சுவரிலுள்ள சாக்கெட்டுக்குள் செலுத்தி, அதன் வழியாக ஏசியை ஓட்டும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. இரு முனையிலும் பிளக் உள்ள கம்பி ஒன்றை அதற்கென்றே செய்து வைத்திருப்பார்கள். ஒரு முனையைச் சொருகியதும் மறுமுனையின் உலோகக் கால்களில் மின்சாரம் வெளிப்படையாக நிற்கும். அதை விடக் கொடியது, அந்த மின்சாரம் மீட்டரைத் தாண்டித் தெருவுக்குப் போய், டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக ஏறி, ஆயிரக்கணக்கான வோல்ட்டாக மாறுவது. லைனில் மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறிய ஊழியரின் கையில்தான் அது முடியும். வீட்டு வயரிங் வழியாகத்தான் தர வேண்டும் என்றால், தெரு மின்சாரமும் ஜெனரேட்டர் மின்சாரமும் ஒரே நேரத்தில் இணையாமல் தடுக்கும் சேஞ்ச்ஓவர் சுவிட்சை, உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு பொருத்திய பிறகே செய்ய வேண்டும். ஒரே ஒரு ஏசிக்கு, ஜெனரேட்டரிலிருந்து நேராக ஏசிக்கு வரும் கேபிளே எளிமையானது, பாதுகாப்பானது. எர்த் இணைப்பைப் பொறுத்தவரை, ஜெனரேட்டரின் நியூட்ரல் அதன் சட்டகத்தோடு இணைக்கப்பட்டிருப்பதும் தனித்து விடப்பட்டிருப்பதும் மாடலுக்கு மாடல் மாறுவதால், கையேடு சொல்வதை மட்டுமே செய்யுங்கள்.

ஓட்டும் முறை

முதலில் ஏசி ஆஃப் நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். ஜெனரேட்டரை எந்த லோடும் இல்லாமல் ஸ்டார்ட் செய்து, சோக்கைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, இரண்டு மூன்று நிமிடம் சூடாக விடுங்கள். லோடு குறையும்போது எஞ்சின் வேகத்தைக் குறைக்கும் ஈகோ சுவிட்ச் இருந்தால் அதை ஆஃப் செய்யுங்கள். எஞ்சின் குறைந்த வேகத்தில் இருக்கும்போது கம்ப்ரசரின் இழுப்பு வந்தால், வேகம் கூட்டுவதற்குள் ஜெனரேட்டர் டிரிப் ஆகிவிடும். பிறகு ஏசியைச் சொருகி, ஃபேன் மட்டும் ஓடும்படி ஒரு நிமிடம் வையுங்கள். அதன் பிறகே கூல் நிலைக்கு மாற்றுங்கள்.

அந்தக் கணத்தில் ஜெனரேட்டரின் சத்தத்தைக் கவனித்துக் கேளுங்கள். கம்ப்ரசர் இழுக்கும்போது எஞ்சினின் சுருதி சட்டென்று தாழ்ந்து, ஒரு விநாடிக்குள் மீண்டு, சற்றுக் கனத்த சத்தத்தில் நிலைபெற்றால் எல்லாம் சரி. சுருதி தாழ்ந்தபடியே இருந்து, ஏசியிலிருந்து ‘ம்ம்ம்’ என்ற அடைத்த உறுமல் மட்டும் வந்து, சில விநாடிகளில் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டால், கம்ப்ரசர் சுழலவில்லை, அதன் வெப்பப் பாதுகாப்பு இணைப்பைத் துண்டித்திருக்கிறது என்று பொருள். உடனே ஏசியை ஆஃப் செய்யுங்கள். மறுபடி மறுபடி முயன்றால் மோட்டாரின் சுருள் வெந்துபோகும். குறைந்தது மூன்று நிமிடம், நல்ல வெயிலில் ஐந்து நிமிடம் விட்டு, உள்ளே அழுத்தம் சமமான பிறகு ஒரே ஒரு முறை முயன்று பாருங்கள். அப்போதும் கிளம்பாவிட்டால் கேபிளையோ ஜெனரேட்டரையோ மாற்ற வேண்டுமே தவிர, முயற்சியைத் தொடரக் கூடாது.

இரவில் ஒருமுறை ஓட்டிப் பார்த்து, சரியாக ஓடுகிறது என்று முடிவுக்கு வந்துவிட வேண்டாம். வெளிவெப்பம் கூடக் கூடக் கம்ப்ரசர் தாண்ட வேண்டிய அழுத்தம் கூடுகிறது, எஞ்சினின் வலுவோ குறைகிறது. ஒத்திகையை உச்சி வெயிலில்தான் நடத்த வேண்டும். அதுவும் மின்சாரம் இருக்கும் ஒரு நாளிலேயே நடத்திவிட வேண்டும். கையில் மல்டிமீட்டர் இருந்தால் ஏசி ஓடும்போது கேபிளின் முனையில் வோல்டேஜைப் பாருங்கள். 230 வோல்ட் ஏசிக்கு 215 முதல் 240 வரை இருந்தால் நல்லது. 200க்குக் கீழே நிலைத்து நின்றால் ஏசியை ஓட்டாதீர்கள்.

கம்ப்ரசர் நின்று மறுபடி கிளம்பும் ஒவ்வொரு முறையும் அந்த முதல் இழுப்பு திரும்ப வரும் என்பதை நினைவில் வையுங்கள். ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போது மிச்சமிருக்கும் வாட்டை நம்பி ஃபிரிட்ஜையும் சொருகினால், இரண்டு கம்ப்ரசரும் ஒரே நேரத்தில் கிளம்பும் தருணம் என்றாவது வரும். ஃபிரிட்ஜுக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். ஒரு மணி நேரம் அது, மீதி நேரம் ஏசி என்று மாற்றி மாற்றி ஓட்டினால் உணவும் கெடாது. விளக்கு, கைபேசி சார்ஜர், மின்விசிறி ஆகியவற்றைத் தாராளமாகச் சேர்க்கலாம். மின்விசிறியைச் சேர்ப்பது லாபம்கூட: அது ஓடும்போது ஏசியை 26 அல்லது 27 டிகிரியில் வைத்தாலே உடலுக்கு இதமாக இருக்கும். திரைச்சீலையை இழுத்துவிட்டு, கதவின் அடியில் துணியை வைத்து அடைத்து, ஏசியின் ஃபில்டரை முன்கூட்டியே கழுவி வைத்துவிட்டால் கம்ப்ரசரின் வேலை கணிசமாகக் குறையும்.

நிறுத்தும்போது முதலில் ஏசி, பிறகுதான் ஜெனரேட்டர். ஏசியை ஆஃப் செய்து, எஞ்சினை ஓரிரு நிமிடம் லோடு இல்லாமல் ஓடவிட்டு நிறுத்துங்கள். பெட்ரோல் தீர்ந்து தானாக நிற்கும்வரை விடக் கூடாது. எஞ்சின் திணறும் கடைசி விநாடிகளில் வோல்டேஜ் தாறுமாறாக ஏறியிறங்கி, ஏசியின் மின்னணுப் பலகையைப் பதம் பார்த்துவிடும்.

பெட்ரோலும் ஆயிலும்

ஒரு லிட்டர் பெட்ரோலில் அடங்கியிருக்கும் ஆற்றல் ஏறத்தாழ 9 யூனிட். சிறிய ஜெனரேட்டர் அதில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட மின்சாரமாக மாற்றுவதில்லை, லிட்டருக்கு 1.3 முதல் 1.8 யூனிட் வரை கிடைக்கும் என்று கணக்கிடலாம். 1100 வாட் ஏசி இரவு எட்டு மணி நேரம் இடைவிடாமல் ஓடினால் 8.8 யூனிட், அதாவது 5 முதல் 7 லிட்டர். கம்ப்ரசர் அவ்வப்போது நின்றாலும் பழைய வகை ஜெனரேட்டரில் செலவு அதே விகிதத்தில் குறையாது. லோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது 50 ஹெர்ட்ஸுக்காக நிமிடத்துக்கு 3000 சுற்று சுழன்றுகொண்டேதான் இருக்கும்.

படுப்பதற்கு முன்பு டேங்கை நிரப்பிவிடுங்கள். நடுவில் ஊற்ற வேண்டி வந்தால், எஞ்சினை நிறுத்திக் கால் மணி நேரமாவது ஆறவிட்டே ஊற்ற வேண்டும். சூடான சைலன்சரின் மேல் சிந்தும் பெட்ரோல் பற்றிக்கொள்ள நெருப்புக்குச்சி தேவையில்லை. பாட்டிலில் ஊற்றி வைக்காமல், எரிபொருளுக்கென்று செய்த கேனில், வீட்டுக்குள் அல்லாமல் வெளியே நிழலில் வையுங்கள். தூக்கக் கலக்கத்தில், டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஊற்றுவதை விட, அந்த அரை மணி நேரம் ஏசி இல்லாமல் இருப்பதே மேல்.

ஒவ்வொரு முறை பெட்ரோல் ஊற்றும்போதும் ஆயில் அளவையும் பாருங்கள். இந்த எஞ்சின்கள் அரை லிட்டர் அளவு ஆயிலையே கொண்டவை. இரவு முழுவதும் ஓடினால் அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். ஆயில் குறைந்தால் தானாக நிற்கும் சென்சார் பெரும்பாலானவற்றில் உண்டு, ஜெனரேட்டரைச் சரிவான தரையில் வைத்திருந்தால் அது ஏமாறும். புதிய ஜெனரேட்டருக்கு முதல் 20 மணி நேரத்திலேயே ஆயிலை மாற்றிவிட வேண்டும்; அதற்குப் பிறகு கையேடு சொல்லும் இடைவெளியில். ஏசி போன்ற கனமான லோடில் வெயிலில் ஓட்டுபவர்கள் அந்த இடைவெளியைப் பாதியாகக் குறைத்துக்கொள்வது நல்லது.

பயன்படுத்தாமல் எடுத்து வைக்கும்போது, எரிபொருள் குழாயை மூடி, கார்பரேட்டரின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி, மிச்சப் பெட்ரோலை வடித்துவிடுங்கள். மாதக்கணக்கில் தேங்கும் பெட்ரோல் பிசின்போல் கெட்டியாகி, கார்பரேட்டரின் நுண்துளைகளை அடைத்துவிடும். மாதம் ஒருமுறை ஜெனரேட்டரை வெளியே எடுத்து, அதே கேபிளில் அதே ஏசியைச் சொருகி, இருபது நிமிடம் ஓட்டிவிட்டு மறுபடி வடித்து வையுங்கள்.